வீட்டுக் கணக்கும் கூரத்து எழுத்தாணியும்

மாலை ஏழு மணியானால் நம் மாணவியர் பலருடைய வீட்டில் ஒரு சிறு போராட்டம் தொடங்குகின்றது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண், இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு விழிக்கிறாள். அண்ணன் நோட்டை வாங்கி இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறான். அண்ணன் இல்லாத வீட்டில் கைபேசி இருக்கிறது. கணக்கைப் படம் பிடித்தால் விடையுடன் வழிமுறையும் வரிவரியாக வந்து நிற்கும். மறுநாள் நோட்டில் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அப்படிச் சரியாக இருப்பதுதான் நமக்குக் கவலையளிக்கின்றது.

உதவவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எவ்விதம் உதவுவது என்பதே கேள்வி.

கூரத்திலிருந்து வரும் மாணவியருக்குத் தம் ஊரிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. கூரத்தாழ்வான் அம்மண்ணில் பிறந்தவர். இராமாநுசர் பிரம்ம சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யம் என்னும் உரையைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் அவரே. தாம் சொல்வது மனத்திற்கு ஒவ்வாவிடில் எழுதாமல் நிறுத்திவிடும்படி ஆசாரியரே பணித்தார் என்றும், ஓரிடத்தில் சீடர் அவ்வாறே நிறுத்திவிட்டார் என்றும், முதலில் சினந்த ஆசாரியர் பின்னர் எண்ணிப் பார்த்துச் சீடரின் கருத்தை ஏற்றார் என்றும் வைணவ மரபு கூறுகின்றது. நாம் வேறு சமயப் பள்ளியினர். ஆயினும், நம் வகுப்பறைகளில் இல்லாத ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது: புரியாத இடத்தில் நின்றுவிடும் எழுத்தாணி. நம் பெண்களின் பேனா நிற்பதே இல்லை!

பெற்றோர் பலர், "எங்களுக்கு அல்ஜீப்ரா தெரியாது, சிஸ்டர்" என்கின்றனர். தறியில் அமர்வோர் வீட்டில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு சதுரத் துணியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பக்கம் எத்தனை அங்குலம் என்று தெரியாது. அதைப் 'ப' என்போம். (பாடநூலிலுள்ள ஆங்கில எழுத்தின் இடத்தில் இங்கே 'ப'.) வலப்புறம் 3 அங்குல முந்தியும், கீழே 2 அங்குலக் கரையும் சேர்த்தாயிற்று. உடலின் பரப்பு ப², முந்தி 3ப, கரை 2ப, முந்தியும் கரையும் கூடும் மூலை 6. மொத்தம் ப² + 5ப + 6. துணியின் ஒரு பக்கம் ப + 3, மறுபக்கம் ப + 2. மொத்தப் பரப்பை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கங்களைக் கேட்பதே காரணிப்படுத்துதல். கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்களை ஏன் தேடுகிறோம் என்பதும் இதில் விளங்கிவிடும். கூட்டினால் வருவது இரு பட்டைகளின் அகலம். பெருக்கினால் வருவது மூலை.

இதுவும் வேண்டாமெனில், ஒரு தாய் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. "நீ கண்ட இரண்டையும் மறுபடி பெருக்கிக் காட்டு" என்று கேட்கலாம். பழைய கோவை வந்ததா இல்லையா என்பதைப் பெண்ணே பார்த்துக்கொள்வாள். ப² − ப − 12 என்னும் கணக்கிற்கு (ப + 4)(ப − 3) என்று எழுதியவள், பெருக்கினால் நடுவில் + ப வருவதைக் கண்டு குறியைத் தானே மாற்றுவாள். பிறர் சிவப்பு மையால் திருத்துவதைவிட இது நெடுநாள் நிற்கும்.

2ப² + 7ப + 3 போன்ற கணக்கில்தான் உண்மையான இடர். 2ஐயும் 3ஐயும் பெருக்கி 6 ஆக்கு, 7ஐ 6 என்றும் 1 என்றும் பிரி என்பார்கள். ஏன் பெருக்க வேண்டும்? பேனா நிற்க வேண்டிய இடம் இதுவே. கோவை முழுவதையும் 2ஆல் பெருக்குங்கள்: 4ப² + 14ப + 6. இப்போது 2பவை 'ம' என்றால், ம² + 7ம + 6. பழைய துணிக் கணக்கே வந்துவிட்டது! அது (ம + 6)(ம + 1), அதாவது (2ப + 6)(2ப + 1). முன்பு பெருக்கிய 2ஆல் வகுத்தால் (ப + 3)(2ப + 1). கெழுவால் பெருக்கி வர்க்கத்தை ஒழுங்காக்கும் இத்தகைய உத்தி நம் நாட்டில் பழையது. ஸ்ரீதரர் கூறிய விதியைப் பாஸ்கரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் பீஜகணிதத்தில் எடுத்தாள்கிறார்.

பெண்களுக்குக் கணிதம் வராது என்னும் பேச்சு இன்றும் சில திண்ணைகளில் கேட்கிறது. 1718இல் மிலான் நகரில் பிறந்த மரியா கயேத்தானா ஆக்னேசி, தம்பியருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1748இல் அவர் வெளியிட்ட பெருநூல், இயற்கணிதத்தில் தொடங்கி நுண்கணிதம் வரை செல்கின்றது. கற்றோர் மொழியான இலத்தீனில் எழுதாமல் இத்தாலியத்தில் எழுதினார். 1750இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவருக்குப் பொலோஞா பல்கலைக்கழகத்தில் பதவியளித்தார். அவரோ பின்னாளில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பணிபுரிந்தே 1799இல் மறைந்தார்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1937இல் இந்தியா வந்த பிரெஞ்சு சேசு சபைக் குரு சார்லஸ் ரசீன், சென்னை லயோலாக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தேர்வுக் குறிப்புகளைவிடப் புதிய நூல்களையே மாணவர் கையில் கொடுத்தவர். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர், 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. உலகறிந்த கணித மேதையாகி, சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கி, 2020இல் மறைந்தார்.

எல்லாப் பெண்களும் சேஷாத்ரி ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் "எனக்குக் கணக்கு வராது" என்று கணிதம் இல்லாத பிரிவை எடுக்கும் பெண்ணுக்குப் பொறியியல் முதலிய பல கதவுகள் பதினைந்து வயதிலேயே அடைபடுகின்றன. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. அவள் கணக்கை வேறு யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. ஆகவே, மாலைப் படிப்பில் தங்கைகளுக்கு உதவும் மேல்வகுப்பு மாணவியர், பென்சிலைத் தங்கையின் கையிலேயே விட்டுவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அவர்கள் நடுநடுவே ப² + 5ப + 3 போன்ற ஒன்றையும் கொடுத்துப் பார்க்கலாம். பயிற்சிகளில் பெரும்பாலும் பிரியும் கோவைகளே வருவதால், பிரியாவிட்டால் தவறு தன்னுடையதே என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். பெருக்கினால் 3 வரவேண்டுமெனில் 1, 3. அல்லது −1, −3. கூட்டினால் 4 அல்லது −4. 5 வரவில்லை. "முழு எண்களில் இது பிரியாது, அக்கா" என்று தங்கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டால், அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.