நிரவலும் தாய்மொழியும்

பெங்களூரில் 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் உருவான பிரேசர் டவுனில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் நான்கும் அருகருகே ஒலிக்கின்றன. அங்கிருந்து சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து இராமநவமிக் கச்சேரிக்குச் செல்லும் தமிழ் இரசிகர், தாம் போற்றும் பாடகரின் தெலுங்குக் கீர்த்தனையில் கண்கலங்குவதுண்டு. இதைக் காட்டி, இசைக்கு மொழி தேவையில்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

நேரில் கேட்பதன் தனிச்சிறப்பு நிரவல். ஒரே வரியைப் பாடகர் அந்தக் கணத்தின் கற்பனையால் பலவாறு விரிக்கையில், இராகத்தோடு சொல்லின் பொருளும் விரிகிறது. பொருள் அறியாதவரையும் இராகம் உருக்கும். ஆனால் அவருக்கு நிரவலின் பாதி எட்டுவதில்லை. பொருள் உணர்ந்து கேட்கும் இந்த உரிமைக்காகவே 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

ஆயினும் பல கச்சேரிகளில் கோபாலகிருஷ்ண பாரதியும் பாபநாசம் சிவனும் இன்னும் இறுதித் துக்கடாக்களாகவே வருகின்றனர். துக்கடாவில் விரிவான நிரவலுக்கு இடமில்லை. தெலுங்கைக் குறைப்பது தீர்வன்று. தமிழ்க் கீர்த்தனையும் முதன்மை உருப்படியாக வேண்டும். தம் அபிமானப் பாடகரிடம் இரசிகர் உரிமையோடு கேட்க வேண்டியது அந்த அரைமணி நேரத்தைத்தான்.