காத்திருப்புக் கூடமாகிவிட்ட நகரம்

ஆப்பிரிக்க நாவல்களில் வரும் விமானத்தை ஒரு வாகனமாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். விட்டுச்செல்லும் நகரத்தின் மீது எழுதப்படும் தீர்ப்பாக அதை வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சினுவா அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960) நாயகன் ஓபி, இங்கிலாந்தில் படித்துவிட்டுக் கப்பலில் நைஜீரியா திரும்புகிறான். லேகோஸ் நகரில் அரசு வேலையும் காரும் கிடைக்கின்றன. லஞ்சத்தில் வீழ்வதும் அங்கேதான். ஆயினும் அவனுக்கு நகரம் என்பது வந்துசேரும் இடம். கிறிஸ் அபானியின் 'கிரேஸ்லேண்ட்' (2004) நாவலில் திசை மாறுகிறது. அதே லேகோஸின் மரோகோ சேரியில் வாழும் எல்விஸ், தன் குடியிருப்பு இடிக்கப்பட்டபின், நண்பனின் கடவுச்சீட்டோடு விமான நிலையத்தில் காத்திருக்கிறான். வெளியேறுவதற்கு அவன் கொடுக்கும் விலை, தன் பெயர். அமா அட்டா ஐடூவின் 'அவர் சிஸ்டர் கில்ஜாய்' (1977) இதற்கு மறுதலை. ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் காதலனுக்கு நீண்ட கடிதம் எழுதும் சிஸ்ஸி, அதை அனுப்புவதில்லை என முடிவெடுக்கிறாள். தாய்மண் கண்ணுக்குத் தெரிந்ததும் கடிதம் தேவையற்றதாகிறது.

செஞ்சிக்கருகே தளவானூர் போன்ற ஊர்களிலிருந்து வாசிக்கும் நமக்கு நகரம் என்பது பேருந்தில் போய்ச்சேரும் சென்னை. ஒவ்வாவிட்டால் திரும்பிவிடலாம். திரும்பவியலாத புறப்பாட்டைத் தமிழில் எழுதியவர்கள் ஈழத்தவரே. சியரா லியோன் முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றிய அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்', கனடாவை நோக்கிச் செல்லும் ஒருவன் அயல்நகரங்களில் தேங்கித் தேங்கி நகர்வதைச் சொல்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்சில் அளிக்கப்படும் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அங்கே ஒருவனின் வாழ்வு அதிகாரி நம்பவேண்டிய ஒரு கதையாகச் சுருங்குகிறது.

இவற்றைப் 'புலம்பெயர் இலக்கியம்' என்று தனித்தட்டில் அடுக்கி, ஊர் ஏக்கத்தின் ஆவணங்களாக மட்டும் போற்றும் நம் விமர்சன வழக்கம் போதாது. லேகோஸ் இளைஞனைத் துரத்தியவை வறுமையும் ராணுவ ஆட்சியும். யாழ்ப்பாணத்து இளைஞனைத் துரத்தியவை போரும் இன ஒடுக்குமுறையும். காரணங்கள் வேறு, ஆனால் எல்விஸின் கடவுச்சீட்டும் ஈழ அகதியின் விண்ணப்பமும் ஒரே கேள்வியையே எழுப்புகின்றன. விடுதலை பெற்ற ஒரு நாடு, தன் பிள்ளைகளை ஏன் இன்னொருவரின் பெயரிலோ இன்னொருவர் ஏற்கும் கதையிலோ வெளியேற வைக்கிறது? இந்நூல்களை அருகருகே வைத்து வாசித்தாலன்றி அக்கேள்வி நம் காதில் விழாது.