வன்தட்டு பழுதானால் முதலில் ஓய வேண்டியது நம் கை

சென்ற ஆண்டு ரமலானுக்குச் சில நாட்களுக்கு முன், ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பின் உம்மா கேட்டார்கள்: “வாப்பாவுடைய குரலைக் கொஞ்சம் போடு, கேட்போம்.”

எண்பதுகளில் வாப்பா ஜித்தாவில் வேலை பார்த்தார்கள். தொலைபேசி அரிதாக இருந்த அக்காலத்தில், வளைகுடா சென்றவர்கள் கடிதத்தோடு கேசட்டில் குரலைப் பதிந்து, ஊர் வருபவர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவை 23 கேசட்டுகள். நலம் விசாரிப்பு, பிள்ளைகளுக்குப் புத்திமதி, கடன் கணக்கு, நடுவே அறைத் தோழர் ஒருவரின் இருமல் என எல்லாம் அவற்றில் இருந்தன. நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியதும் அனைத்தையும் கணினிக்கு மாற்றி, ஒரு வெளி வன்தட்டில், அதாவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில், சேமித்தேன். அடுத்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கேசட்டுகளைக் குப்பையில் சேர்த்தோம். “அதுதான் கணினியில் ஏற்றியாயிற்றே” என்று சொன்னவன் நான். வாப்பா வஃபாத்தான பிறகு அக்குரல் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்த வன்தட்டுதான்.

அன்றிரவு அதைக் கணினியில் செருகினேன். விளக்கு எரிந்தது, தட்டு சுழலும் ஒலியும் கேட்டது. கணினியோ சில நிமிடங்கள் உறைந்து நின்று, பின் ஒரு கேள்வி கேட்டது: இந்த டிஸ்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?

பின்னர் நடந்ததிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுண்டு. பழுதான வன்தட்டை உயிர்ப்பிப்பது நம் வேலையன்று. அதனுள் இருக்கும் அமானிதத்தை வெளியே எடுப்பதே நம் வேலை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதால்தான், பழுது அழிக்காததை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

பதற்றம் தரும் யோசனைகள்

ஃபார்மட் கேள்விக்கு ‘ஆம்’ சொல்லவில்லை என்பதைத் தவிர, அன்றிரவு நான் செய்தவை எல்லாம் தவறுகளே. பிடுங்கினேன், செருகினேன், மீண்டும் பிடுங்கினேன். வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். செய்தி பரவியதும் உறவினரின் யோசனைகள் வந்தன. “ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள் மச்சான்” என்றார் ஒருவர். மூடியைக் கழற்றி முள்ளை மெல்லத் தள்ளச் சொன்னார் மற்றொருவர். ‘செக் டிஸ்க்’ ஓட்டினால் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். மூவருமே நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்.

குளிரூட்டும் யோசனை பழைய காலத்தது. அன்றைய வன்தட்டுகளில் வாசிக்கும் முனை, அதாவது ஹெட், தகட்டின்மேல் ஒட்டிக்கொள்வதுண்டு; குளிரில் சுருங்கி அது விடுபட்டதும் உண்டு. இன்றைய வன்தட்டுகள் பெரும்பாலானவற்றில் சுழற்சி நின்றதும் ஹெட் தகட்டுக்கு வெளியே ஒரு சாய்தளத்தில் போய் அமர்கிறது. குளிர்ந்த வன்தட்டைக் கடலோர ஊரின் ஈரக்காற்றில் எடுத்தால் உள்ளே நீர் வியர்த்து, இருந்த வாய்ப்பும் கெடும்.

மூடியைத் திறப்பது அதைவிடக் கொடியது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தகட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாத தூசு அந்த இடைவெளியில் ஒரு பாறை. தூசகற்றிய சிறப்பு அறையில் செய்யும் பணியைச் சாப்பாட்டு மேசையில் செய்ய இயலாது.

‘செக் டிஸ்க்’ பற்றிய மயக்கம் பரவலானது. அது கோப்பு அமைப்பை ஒழுங்காக்கும் கருவி. நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் முதல் நோக்கமன்று. ஒழுங்குக்குப் பொருந்தாத பதிவுகளை அது வெட்டியெறியவும் கூடும். அதையும் தளர்ந்துபோன வன்தட்டின்மேலேயே எழுதிச் செய்கிறது.

முதலில் செவி கொடுங்கள்

அப்படியானால் வீட்டில் எதுவுமே செய்யலாகாதா? செய்யலாம். எதைச் செய்வது என்பதை வன்தட்டின் ஒலியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் மின்சாரத்தை முதலில் ஐயுறுங்கள். கேபிளை மாற்றுங்கள், மேசைக் கணினியாயின் பின்புறத்து யூஎஸ்பி துளையில் செருகுங்கள். சிறிய இரண்டரை அங்குல வன்தட்டு யூஎஸ்பி வழியாகவே 5 வோல்ட் பெறுகிறது. பெரிய மூன்றரை அங்குல வன்தட்டுக்குத் தனியே 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். துளை பொருந்துகிறது என்பதற்காக மடிக்கணினியின் அடாப்டரை மாட்டாதீர்கள். அது பெரும்பாலும் 19 வோல்ட்; மின்பலகையை எரித்துவிடும். எரிந்த பலகைக்குப் பதிலாக அதே மாடலின் பலகையை வாங்கி மாட்டினாலும் பொதுவாகப் பயனில்லை. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனி அளவீடுகள் அதன் சொந்தப் பலகையிலுள்ள சில்லில் பதிந்துள்ளன.

சில வேளைகளில் வன்தட்டு நலமாக இருக்க, வெளிப்பெட்டியிலுள்ள இணைப்புப் பலகை மட்டும் கெட்டிருக்கும். பெட்டியைக் கழற்றி, உள்ளிருப்பதை மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் இணைத்தால் கோப்புகள் தெரியலாம். இதிலும் இரு தடைகள் உண்டு. சில சிறு வன்தட்டுகளில் யூஎஸ்பி துளை வன்தட்டின் பலகையிலேயே பதிந்திருக்கும். வேறு சில பெட்டிகள் தரவை மறையீடு செய்தே எழுதுகின்றன. அந்தப் பலகையின்றி உள்ளிருப்பது விளங்காது.

‘டிக், டிக்’ என விட்டுவிட்டுத் தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹெட் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டிலுள்ள காந்தப் பூச்சு சுரண்டப்படலாம். இதற்கு எந்த மென்பொருளும் உதவாது. தூசகற்றிய அறை வசதியுள்ள மீட்பு நிறுவனம் ஒன்றே வழி. செலவு பெரிதாகவே இருக்கும். கையில் பணமில்லை என்றால் அதை அப்படியே எடுத்து வையுங்கள். அணைத்து வைத்த வன்தட்டு சில மாதங்கள் காத்திருக்கும்.

சீராகச் சுழல்கிறது, கணினியும் அடையாளம் காண்கிறது, ஆனால் மிக மெதுவாக இருக்கிறது அல்லது ஃபார்மட் கேட்கிறது என்றால், வீட்டில் முயல ஓரளவு இடமுண்டு. என்னுடையது இவ்வகை.

நகல் முதலில், மீட்பு பிறகு

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அக்குறிப்பைக் காணலாம். அதில் 5, 197, 198 ஆகிய எண்களின் வரிசைகளைப் பாருங்கள். பழுதென ஒதுக்கப்பட்டு மாற்றிடம் பெற்ற செக்டர்கள், படிக்க இயலாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், திருத்தவே முடியாதவை என அவை சொல்லும். என் வன்தட்டில் நிலுவை செக்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதைப் பார்த்த பிறகு ஒரு கோப்பைக்கூட நான் திறக்க முயலவில்லை.

இந்நிலையில் செய்யத்தக்கது ஒன்றே: வன்தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு வன்தட்டுக்கு நகலெடுப்பது. அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன புதிய வன்தட்டு ஒன்று வாங்கினேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவசக் கருவியை ஓட்டினேன். சாதாரண நகல், படிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே முட்டி நிற்கும். இக்கருவியோ அவ்விடத்தைத் தாண்டிச் சென்று, எளிதில் கிடைப்பதை முதலில் அள்ளிவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்புகிறது. எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை. கட்டளையில் மூலமும் இலக்கும் இடம் மாறிப்போனால், வெற்று வன்தட்டு நம் வன்தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டின் அளவையும் தொடர் எண்ணையும் தாளில் எழுதி, வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்பே விசையை அழுத்துங்கள்.

இரண்டு இரவும் ஒரு பகலும் அது ஓடியது. முடிந்ததும் பழைய வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நகலின்மேல் மட்டும் ‘டெஸ்ட் டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ ஆகிய மீட்புக் கருவிகளை இயக்கினேன். நகலில் தவறு செய்தால் மீண்டும் செய்யலாம். மூலத்தில் செய்த தவறு திரும்பாது.

இதில் அமானிதம் எங்கே?

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். நம் வீடுகளில் இதைவிடக் குறைவாகப் பேசப்படுபவை மூன்று.

முதலாவது, வன்தட்டில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், பிறர் நம்மிடம் ஒப்படைத்த கணக்குகளும் உள்ளன. அறிமுகமற்ற கடையில் அதை விட்டுவிட்டு வருகையில் இவை அனைத்தையும் விட்டுவிட்டு வருகிறோம். கொடுக்க நேர்ந்தால் யார் கையாள்வார்கள், நகல் வைத்துக்கொள்வார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதேபோல், அக்கம்பக்கத்தாருக்கு உதவும் இளைஞர்கள் கோப்பு திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டும். பிறர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும் உரிமை, பழுது பார்ப்பதால் வந்துவிடாது.

இரண்டாவது, அவசரத்தில் பலர் பூட்டுடைத்த திருட்டு மீட்பு மென்பொருளை இறக்குகிறார்கள். நான் மேலே சொன்ன கருவிகள் எல்லாம் முறைப்படி இலவசமாகக் கிடைப்பவை. ஹலாலான வழி இலவசமாகவே திறந்திருக்கையில், வைரஸ் கலந்த ஒன்றைத் தேடிப்போவானேன்?

மூன்றாவது, ‘உயிர்த்தெழுந்த’ வன்தட்டை ஃபார்மட் செய்து, நன்றாக ஓடுகிறது என்று சொல்லி விற்பது. குறையை மறைத்து விற்பது பழச் சந்தையில் கூடாதென்றால் கணினிச் சந்தையிலும் கூடாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, ஸ்கேன் பிழை முதன்முறை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு என்றது. ஒருமுறை பிழைத்தது மறுமுறையும் பிழைக்கும் என நம்பக்கூடாது. பிறரை நம்பவைக்கவும் கூடாது.

எச்சரிக்கை வருமென்று காத்திராதீர்கள்

“ஸ்மார்ட் குறிப்பை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். அதே ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிப்புகளில் ஒன்றைக்கூட முன்னறிவிப்பாகக் காட்டியிருக்கவில்லை. “செல்பேசியின் இணையச் சேமிப்பில் இருக்கிறதே” என்பாரும் உண்டு. ஒத்திசைவு முறையில், இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துபோகலாம். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் மறைவோடு அதுவும் மறைகிறது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்னும் விதி எளியது. மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்பது இணையமாகவும் இருக்கலாம், ராத்தா வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். எடுத்த நகலை ஆண்டுக்கு இருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்புவது, கட்டாத ஒட்டகத்தை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டேன் என்பதைப் போன்றது. கட்டுவது நம் கடமை. தவக்குல் அதற்குப் பிறகு.

அல்ஹம்துலில்லாஹ், 23-இல் 19 பதிவுகள் முழுமையாகக் கிடைத்தன. மூன்று துண்டு துண்டாக உள்ளன. ஒன்று அடியோடு போயிற்று. அந்தத் துண்டுகளில் ஒன்றில், “இந்த மாதம் பணம் அனுப்பச் சுணங்கிவிட்டது, நீ” என்பதோடு குரல் அறுந்து, சில நொடி அமைதிக்குப் பின் வேறொரு பேச்சில் தொடர்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் உம்மா தாமே சொல்லி முடிப்பார்கள்: “நீ வளையலை அடகு வைக்காதே, நான் எப்படியாவது அனுப்புகிறேன்.” நாற்பது ஆண்டுகளாக அந்த வரி அவர்கள் நினைவில் இருக்கிறது. அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல எங்களிடம் ஆளில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வன்தட்டு அலமாரியில் இருக்கும். இந்த வாரம் அதை எடுத்து, அது நலமாக இருக்கும்போதே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், மேலே சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும்.