குழையும் வால், விறைக்கும் வால்

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எலும்புகளை எண்ணத் தொடங்குவது கால்நடை மருத்துவர்களான நம் தொழில் பழக்கம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். வெறிநோய்த் தடுப்பூசி போட அந்தப் பக்கம் போயிருந்தபோது, ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா முந்தானையில் பொதிந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். ஒன்றரை மாதம் இருக்கும். ஊசிக்கு வரவில்லை, பின்பக்கம் நாற்றம் அடிக்கிறது என்று வந்தார். முந்தானையை விலக்கிப் பார்த்தால் வால் இருந்த இடத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு முண்டு. அதில் புழு.

யார் வெட்டியது என்று கேட்டேன். "பக்கத்து லைன்ல ஒரு தாத்தா சார். இங்க எல்லாக் குட்டிக்கும் அவர்தான் எடுப்பாரு. வாலை எடுத்தாதான் ரோசமா வளரும். இல்லேன்னா வர்றவன் போறவன்கிட்டல்லாம் வாலாட்டிக்கினு நிக்கும்."

புழுவை எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்து அனுப்பும்வரை நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். திரும்பி வரும் வழியில்தான் அந்த அம்மா சொன்னதில் பாதி சரி என்று பட்டது. வால் நாயின் பேச்சு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்நியனிடம் நட்பாகப் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாயை அடைக்கப் பார்க்கிறார். பேச்சை எடுத்தால் நினைப்பும் மாறிவிடும் என்று நம்புவதில்தான் அவர் தவறுகிறார். நம்மில் பலர் அந்தப் பாதிக்குக்கூட வரவில்லை. வாலை நாம் உடலின் முடிவில் மிச்சம் இருக்கும் ஒரு துண்டாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம்.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தாத்தாவைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. முதல் நூற்றாண்டில் உரோமானிய வேளாண் நூல் எழுதிய கொலுமெல்லா, நாற்பது நாள் குட்டியின் வால் நுனியை மேய்ப்பர்கள் எடுத்துவிடுவார்கள், அதனால் வால் அசிங்கமாக நீளாது, வெறியும் பிடிக்காது என்ற நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். வெறிக்குத் தடுப்பூசி வந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கத்தி மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை. தங்கவயலிலிருந்து காலை ரயில் ஏறினால் போய்ச் சேரும் பெங்களூரில் டாபர்மேன், ராட்வீலர், பாக்ஸர், காக்கர் ஸ்பேனியல் குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், இன்னிக்கு நாலாவது நாள்" என்று வருபவர்கள் படித்தவர்கள். ரோசம் என்ற சொல்லுக்குப் பதிலாக 'லுக்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கத்தரிக்கோல் நம் கையில் இருக்கிறது, ரசீதும் நாம்தான் கொடுக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம் சங்கக் கூட்டங்களிலேயே குழப்பம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. அதே பிரிவு சில விலக்குகளையும் பட்டியலிடுகிறது: மாட்டுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல். அந்தப் பட்டியலில் நாயின் வால் இல்லை, காதும் இல்லை. இதை வைத்துத்தான் 2011இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், அழகுக்காக வால் நறுக்குவதையும் காது வெட்டுவதையும் மருத்துவர்கள் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழக்குத் தொடுத்தது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

அன்றிலிருந்து "கோர்ட்டே அனுமதிச்சிடுச்சு சார்" என்ற பேச்சு பரவிவிட்டது. ரத்தானது ஒரு சுற்றறிக்கை. 11ஆம் பிரிவு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று எழுதியதும் அப்படியே இருக்கிறது. நாம் வாங்கும் கட்டணத்தில் அது டீச்செலவு. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப் போவதில்லை. நிறுத்துவதென்றால் வால் எதற்கு இருக்கிறது என்று நமக்கே தெரிந்து நிறுத்த வேண்டும்.

எலும்பிலிருந்து தொடங்கலாம். கழுத்து 7, மார்பு 13, இடுப்பு 7, திரிகம் 3 என்று எண்ணி வந்த பிறகு, ஏறத்தாழ 20 வாலெலும்புகள். முதுகுத் தண்டுவடம் இடுப்புப் பகுதியிலேயே முடிந்து, குதிரைவால் போன்ற நரம்புக் கற்றையாகப் பிரிகிறது. மேலே தூக்க, கீழே இறக்க, பக்கவாட்டில் வளைக்கத் தனித்தனித் தசைகள். அவற்றில் சில இடுப்புக் குழியின் அடித்தளத்திலும் பங்கெடுக்கின்றன. மலக்குடலிலிருந்து வாலெலும்புக்குப் போகும் தசையும் ஒன்று உண்டு. இதை வைத்து, வால் நறுக்கினால் பிற்காலத்தில் குடலிறக்கம் வரும், மலம் சிறுநீர் கட்டுப்படாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. இல்லாததைச் சொன்னால், சான்று உள்ளதையும் நம்ப மாட்டார்கள். சான்று உள்ளது வலிக்கு. நான்காம் நாள் குட்டிக்கு நரம்பு வளரவில்லை, வலிக்காது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். கத்தரி படும்போது அது கத்துவதைக் கேட்டவர்கள்தான் நாமெல்லோரும். வெட்டிய முனையில் நரம்புக் கட்டி உருவாவதை, வால் நறுக்கிய நாய்களில் கண்ட ஆய்வுக் கட்டுரை 1990இலேயே வந்துவிட்டது. காரணமில்லாமல் பின்னால் திரும்பித் திரும்பி முண்டைக் கடிக்கும் நாய் வந்தால் உண்ணியை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள்.

ஓடும்போது சமநிலைக்கு வால் தேவை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அண்மையில் கணினி மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வு, தாவும் நாயின் உடலைத் திருப்புவதில் வாலின் பங்கு மிகச் சிறிது என்கிறது. மார்கழிக் குளிரில் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டோரம் சுருண்டு படுக்கும் தெருநாய் மூக்கை வாலால் மூடிக்கொள்கிறது, அது ஒரு பயன். ஆனால் வாலின் முதல் வேலை பேசுவதுதான்.

இங்கே தமிழ் நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது. 'வால் குழைத்தான்' என்றால் பணிந்தான். 'என்கிட்ட வாலாட்டாதே' என்றால் துணிந்து வம்புக்கு வராதே. 'வாலைச் சுருட்டிக்கொண்டு போனான்' என்றால் பயந்து அடங்கினான். அடங்காத பிள்ளைக்கு 'வாலு' என்றே பெயர். குழைவது ஒன்று, ஆட்டுவது வேறொன்று என்று தெரிந்தவர்கள் வைத்த சொற்கள் இவை. இவ்வளவையும் பேசிக்கொண்டே, பிள்ளைகளுக்கு மட்டும் "வாலாட்டுது பாரு, கடிக்காது, போய்த் தொடு" என்கிறோம்.

இத்தாலியில் திரியெஸ்தே, பாரி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 30 நாய்களைக் கொண்டு செய்த சோதனையை 2007இல் வெளியிட்டார்கள். வளர்ப்பவரைக் கண்டதும் வாலின் வீச்சு நாயின் வலப்பக்கம் சாய்ந்தது. முன்பின் தெரியாத, மிரட்டும் தோரணையுள்ள நாயைக் கண்டதும் இடப்பக்கம். 2013இல் அதே குழு 43 நாய்களுக்கு வேறு நாய்கள் வாலாட்டும் படங்களைத் திரையில் காட்டியது. இடப்பக்கம் சாய்ந்து ஆடும் வாலைப் பார்த்த நாய்களின் இதயத்துடிப்பு ஏறியது. அதாவது நம் கண்ணுக்குத் தப்பும் சாய்வைக்கூட நாய்கள் படிக்கின்றன. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட சோதனை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. லாப்ரடார் அளவுக்கு ஒரு பொம்மை நாயைச் செய்து, அதற்கு நீள வாலும் குட்டை வாலும் மாற்றி மாட்டிப் பூங்காவில் நிறுத்தினார்கள். நீள வால் ஆடினால் மற்ற நாய்கள் நெருங்கின, அசையாமல் விறைத்திருந்தால் தயங்கின. குட்டை வாலில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆடினாலும் ஆடாவிட்டாலும் எதிரில் வந்த நாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

பிறந்த குட்டி வாலாட்டுவதில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; தாயிடம் பாலுக்கு முட்டி மோதும்போதும், கூடப்பிறந்தவற்றோடு சண்டையிட்டுச் சமாதானமாகும்போதும்தான் அந்தப் பழக்கம் வருகிறது. நாம் வெட்டுவது நான்காம் நாளில்.

நம் மேசைக்கு வருவோம். நாய் உள்ளே நுழைந்து மேசையில் ஏறும்வரை நான் பார்ப்பது வாலைத்தான். இடுப்போடு சேர்ந்து தளர்ந்து வீசுகிறதா, முதுகுக்கு மேலே விறைத்து நுனி மட்டும் படபடக்கிறதா, வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் வாய்க்கட்டு வேண்டுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். படபடக்கும் வாலைக் குழைவென்று எண்ணிக் கையை நீட்டிய உதவியாளர் ஒருவரின் தையல் தழும்பை இன்றும் பார்க்கிறேன். வண்டி ஏறிய நாயில் வாலின் தொய்வும், வாலடியைக் கிள்ளினால் வலி தெரிகிறதா என்பதும், சிறுநீர்ப்பை பிழைக்குமா என்பதற்கு எக்ஸ்ரேக்கு முன்பே குறிப்புத் தரும். வாலடியில் முடி கொட்டிச் சொறிந்தால் தெள்ளுப்பூச்சி. குளத்தில் நெடுநேரம் நீந்திய லாப்ரடாருக்கு மறுநாள் வால் செத்ததுபோல் தொங்கினால் எலும்பு முறிவென்று பதற வேண்டாம். தசைப்பிடிப்பு, வலி மருந்தும் ஓய்வும் போதும். வால் இல்லாத நாயிடம் இந்த ஏட்டில் பாதிப் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன.

2024இல் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 37 லட்சம். இதில் எத்தனை கடிகள் வாலைத் தவறாகப் படித்ததால் வந்தவை என்று கணக்கெடுக்க முடியாது. ஆனால் லைன் தெருக்களில் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளுக்கு ஏஆர்வி எனும் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும் நாம், குழையும் வாலுக்கும் விறைக்கும் வாலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து நிமிடம் செய்து காட்டலாம். தடுப்பூசி முகாமில் ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் செய்து காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள்.

வேட்டை நாய்க்கு முள்ளில் மாட்டி வால் கிழியும், அதனால் முன்கூட்டியே எடுப்பது நல்லது என்ற வாதம் பழையது. முழுக்கப் பொய்யும் அல்ல. ஸ்காட்லாந்து வால் நறுக்கலைத் தடை செய்துவிட்டு, 2017இல் வேலைக்குப் போகும் ஸ்பேனியல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பிரிட்டனில் 1,38,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது கிடைத்த வால் காயங்கள் 281. ஒரு காயத்தைத் தவிர்க்கச் சுமார் 500 நாய்களுக்கு வாலை எடுக்க வேண்டியிருக்கும் என்று 2010இல் கணக்கிட்டார்கள். நம் ஊருக்கு இந்த வாதம் சற்றும் பொருந்தாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கருவேலங்காட்டில் முயல் விரட்டியே வளர்ந்தவை, அரிவாள்போல வளைந்த வாலோடு. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் நம் ராஜபாளையமும் கர்நாடகத்தின் முதோலும் இருந்தன. இந்த நாய்களுக்கு வாலை வெட்டினால்தான் இலக்கணம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காவலுக்குப் பெயர்பெற்ற கோம்பைக்கும் ரோசம் வாலோடுதான் வந்தது.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டி வந்தால், சதை அழுகினால், சுவரில் அடித்து அடித்து நுனி ஆறாமல் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, வலி நீக்கி, எழுதி வைத்து எடுக்கலாம். கருத்தடை செய்த தெருநாயின் காதில் அடையாளத்துக்கு ஒரு துணுக்கை வெட்டுகிறோம். அதற்கு விதி உண்டு, நாய் மயக்கத்தில் இருக்கிறது, அந்த அடையாளத்தால் இன்னொரு முறை பிடிபட்டு வயிறு கிழிபடாமல் தப்பிக்கிறது. 'லுக்'குக்காக வரும் நான்காம் நாள் கூடைக்கு இதில் எந்த நியாயமும் கிடையாது. "நான் செய்யலைன்னா வேற யாராவது மோசமா செய்வாங்க" என்பது நமக்குள் நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஸ்கெலட்டன் தாத்தாவும் அதைத்தான் சொன்னார்.

ஆமாம், அவரைப் போய்ப் பார்த்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்து, 2001 பிப்ரவரியில் கம்பெனி மூடியபோது வெளியே வந்தவர். மரியாதையாக நாற்காலி போட்டார். அந்தக் காலத்தில் பங்களா நாய்களுக்கெல்லாம் வால் இருக்காது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள் என்றார். வெள்ளைக்காரர் வீட்டு மோஸ்தர் லைன் வீட்டுக்கு வந்து ரோசம் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. குட்டியின் புண்ணில் புழு வைத்ததைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாம்பல் சரியா வெச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. இரண்டாம் முறை கட்டு மாற்ற வந்தபோது என்னைக் கண்டு அந்த அரை விரல் முண்டு துடித்தது. அது குழைவா பயமா என்று எனக்குப் புலப்படவில்லை. தாய் நாயை அடுத்த முகாமில் கருத்தடைக்குக் கொண்டுவருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே ஈற்றில் இன்னும் மூன்று குட்டிகள் வாலோடு இருக்கின்றன. முகாமுக்கு மூன்று வாரம் இருக்கிறது.