மலையேறுங்கள் தோழர்களே, பங்கு கேட்கும் நேரம் இது

அடுத்த கிராம சபைக்குள் நாம் ஒரு காரியத்தை முடித்தாக வேண்டும். தென்காசி மாவட்டத்து மலைகளில் வாழும் பளியர் குடியிருப்புகளிலும், தெற்கே பாபநாசம் மலையின் காணி குடியிருப்புகளிலும் மூலிகை அறிவுக்கான சமூக உரிமை மனு எழுதப்பட வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கும் தோழர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குற்றாலத் தண்ணீர் மூலிகையில் ஊறி வருகிறது என்று சொல்லித்தான் ஊர் ஊராக ஆட்களை வரவழைக்கிறோம். சீசனில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வரும் கூட்டத்தை நம்பி விடுதிக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், பழக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. பிழைக்கட்டும். ஆனால் எந்த ஓடைக்கரையில் எந்தக் கிழங்கு இருக்கும், எந்த மாதம் தோண்ட வேண்டும், எவ்வளவு விட்டுவைத்தால் மறுவருடமும் முளைக்கும் என்று அறிந்தவர்கள் இந்த வரவு செலவில் எங்கே இருக்கிறார்கள்? தேனையும் கடுக்காயையும் மலையிலிருந்து சுமந்து இறக்குபவருக்குக் கிடைப்பது சுமைகூலி. பொட்டலம் கட்டுபவருக்குத்தான் லாபம். ஆய்வாளர்கள் வருகிறார்கள், செடியைக் காட்டச் சொல்கிறார்கள், குறித்துக்கொண்டு போகிறார்கள். கட்டுரை வெளிவருகிறது. சொல்லிக்கொடுத்தவரின் கூரை அப்படியே ஒழுகுகிறது.

இந்த அறிவுக்குச் சந்தையில் விலை உண்டா என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அகத்தியர் மலையின் கேரளப் பக்கம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1987இல் அங்கே காட்டுக்குள் போன ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், நடந்தபடியே ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் மூச்சிரைத்து உட்கார்ந்தபோதும் அவர்களுக்குக் களைப்புத் தட்டவில்லை. கேட்டவுடன் சொல்லிவிடவும் இல்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்று தயங்கி, பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. மர நிழலில், தரையோடு வளரும் சிறு செடி. தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவின் ஆய்வில், பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில், அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போனது: 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதென்று நிறுவனம் முடிவெடுத்தது. 1997இல் கேரளக் காணிகளுக்கான அறக்கட்டளை பதிவானது. முதல் பணமாக ஐந்து லட்சத்துச் சொச்சம் கைக்கு வர 1999 ஆகிவிட்டது.

உலகம் பாராட்டியது. நானும் பாராட்டுகிறேன், அன்று அப்படிச் செய்யத் துணிந்தவர்கள் வெகு சிலர். ஆனாலும் உரிம ஒப்பந்தத்தில் காணிகள் ஒரு தரப்பாக இல்லை. அந்தப் பாதி அவர்கள் பேரம் பேசி வாங்கியது அல்ல, மனமுவந்து தரப்பட்டது. மனம் மாறியிருந்தால்? இலையைப் பயிரிட்டு விற்கலாம் என்று இறங்கியபோது, காப்புக்காட்டுச் செடி என்று வனத்துறை குறுக்கே நின்றது. மருந்துக்கு இலை போதவில்லை. அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. மலையின் இந்தப் பக்கம், சேர்வலாறிலும் மயிலாறிலும் இருக்கும் காணிகள் அதே இனம், அதே அறிவு. அவர்களுக்கு அந்த அறக்கட்டளையில் இடமே இல்லை.

அன்று அவர்களிடம் இல்லாத சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)இல் சிறுவன மகசூலின் மீது உடைமையைத் தருகிறது. மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமையையும் அதே பிரிவு தருகிறது. சரணாலயம், புலிகள் காப்பகம் என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. தனிப் பட்டாவுக்காகவே ஓடி ஓடி, இந்தச் சமூக உரிமையை நாம் இதுவரை போதுமான அளவு கையில் எடுக்கவில்லை.

இனியும் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஆயுர்வேத மருந்து நிறுவனமான திவ்யா பார்மசியின் வழக்கில், இந்திய நிறுவனமாக இருந்தாலும் உள்ளூர்ச் சமூகங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2023இல், பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்கு வந்துவிட்டது. இது சித்த மருத்துவ ஏட்டிலேயே இருக்கிறது என்று இனி ஒரு நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். வாய்மொழியாக வந்த பளியர் அறிவு ஏட்டில் இல்லை என்று நாம் வாதாடலாம். அது பளியருடையது என்பதற்குச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது?

ஆகவே உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் செடியின் பெயரும் அதை அறிந்த குடியின் பெயரும் ஏறட்டும். பக்குவமும் அனுபானமும் ஏற வேண்டாம். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை அந்தக் குடியின் மூத்தவர்கள் தீர்மானிக்கட்டும். அவர்கள் முடியாது என்று சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள்.

கூட்டுறவு பற்றியும் அங்கே பேசுங்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் அந்த விஷத்தை அவர்களுடைய சங்கத்திடம் காசு கொடுத்து வாங்குகின்றன. நன்னாரியையும் தேனையும் பளியர் சங்கமே எடைபோட்டு, விலை சொல்லி விற்க முடியாதா? முடியும். அதற்கு முதலில் வன மகசூல் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும்.

மனு எழுதத் தெரிந்த தோழர்கள், சட்டம் படிக்கும் மாணவர்கள், தாவரவியல் ஆசிரியர்கள் இந்த வாரமே பெயர் கொடுங்கள். குடியிருப்புக்கு இரண்டு பேர் போதும். பெண்களைத் தனியாகச் சந்தித்துப் பேச ஒரு தோழி கட்டாயம் உடன் போக வேண்டும், பிரசவ மருந்தும் பிள்ளை மருந்தும் அவர்களிடம்தான் இருக்கின்றன. சமூக உரிமைக்கான ‘பி’ படிவத்தை நான்கு பிரதி எடுத்துச் செல்லுங்கள். வன உரிமைக் குழு இல்லாத இடத்தில் முதலில் குழுவை அமைக்கச் சொல்லுங்கள். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் யாரும் மனுவைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.