நிலாவின் கேள்வி



எங்கள் தையல் வகுப்பில் அண்மையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். பின்னேரத் தேநீருக்குப் பிறகு ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். முதல் நூலாக நான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொண்டுபோனேன்.

“விஞ்ஞானக் கதையோ? அது படிச்ச பெடியளுக்கெல்லோ!” என்று சிலர் சிரித்தார்கள்.

எனக்கு அது பழைய சிநேகிதி மாதிரி. இந்தக் கதையும் இதன் இரண்டாம் பாகமான ‘மீண்டும் ஜீனோ’வும் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தவை. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, புத்தகமாக வைத்திருக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. அப்படித் தைத்த ஒரு கட்டுத்தான் என் கைக்கு வந்தது. 1990க்குப் பின் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தல் விளக்கின் சின்ன வெளிச்சத்தில், பேசும் இயந்திர நாயைப் பற்றி வாசித்தேன். நடுவில் சில பக்கங்கள் இல்லை. அவற்றில் என்ன நடந்திருக்கும் என்று நானே யோசித்து நிரப்பிக்கொண்டேன்.

கதை நடப்பது 2020களில். சுஜாதா எழுதியபோது அது எட்டாத எதிர்காலம். இன்று நாங்கள் அதற்குள் வந்துவிட்டோம். ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆளுகிறான். பெயர்களுக்கு இரண்டு எழுத்துத்தான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற இளம் மனைவி அந்த அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். ரவி என்றொருவன் அவள் வீட்டில் தங்க வருகிறான். அவனுடன் வருவதுதான் ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், பகிடி விடும், ஓயாமல் புத்தகம் வாசிக்கும்.

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து வரப்போவது எனக்குத் தெரியும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அந்த இடத்துக்கு வந்ததும் என் குரல் தடுமாறியது. எங்களோடு தைக்கும் ஒரு அக்கா 2009இல் இருந்து தன் கணவரைத் தேடுகிறவர். படத்தை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, கைப்பைக்குள் எப்போதும் வைத்திருப்பவர். மெதுவாக இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டப் பார்த்தேன்.

“தங்கச்சி, பக்கத்தைத் தள்ளாதேங்கோ. வாசியுங்கோ. அவள் என்ன செய்யிறாள் எண்டு பாப்பம்” என்றார் அவர், தையலில் இருந்து கண்ணை எடுக்காமலே.

வாசித்தேன். நிலா கெட்டிக்காரியாகவோ வீராங்கனையாகவோ கதைக்குள் வரவில்லை. வெளியுலகம் தெரியாதவள், பயந்தவள். “என் கணவர் எங்கே?” என்பது ஒன்றுதான் அவளிடம் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் ஒரு ஆட்சியின் பொய் அவளுக்குத் தெரியவருகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கையிலும் இப்படியொரு கேள்விதான் இருந்தது. சுஜாதா எங்களை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் இது வேற்றுலகக் கதையாகத் தோன்றவில்லை.

உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானத் தொடர் ஒன்றும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. ஐசாக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’ வரிசை. ஏழு நூல்கள். அதில் ஒரு கணித அறிஞர் பேரரசுகளின் வீழ்ச்சியை முன்கூட்டியே கணக்கிடுகிறார். ஆனால் அந்தக் கணக்கு பெருங்கூட்டத்துக்குத்தான் பொருந்தும், தனி ஒருவருக்குப் பொருந்தாது. சுஜாதா ஒரு வீட்டில் இருந்து, ஒரு பெண்ணில் இருந்து தொடங்குகிறார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எங்களைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் நாங்கள் ஓர் எண்ணிக்கை. கதையில்தான் ஒரு ஆளாகிறோம்.

குறையும் சொல்லவேண்டும். ‘மீண்டும் ஜீனோ’வில் நிலா நாட்டின் அரசி. ஆனால் அவள் பெயரை வைத்து ஆட்டுவிப்பவர்கள் ரவியும் மனோவும். அவளுக்குத் துணை ஜீனோதான். ஒரு பெண் தானாக எழும்ப ஓர் இயந்திர நாய் வேண்டுமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. “எங்கட சங்கத்திலயும் தலைவி ஒராள், கையெழுத்து எங்க வைக்கிறதெண்டு சொல்லுறது இன்னொராள்” என்று ஒருவர் சொல்ல, பெரிய சிரிப்பு. சிரித்து முடிந்ததும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அடுத்த கூட்டத்தில் கணக்குக் கொப்பியை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம்.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை செய்தவர். தன் மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதினார். 2008 பெப்ரவரி 27இல் காலமானார். இயந்திரங்களோடு வாழ்ந்தவர் என்றாலும் அவருடைய தமிழ் மிக எளிமையானது. எட்டாம் வகுப்போடு நின்றவர்களும் எங்கள் வகுப்பில் தடையின்றி விளங்கிக்கொண்டார்கள்.

சகோதரிகளே, விஞ்ஞானக் கதை எங்களுக்கானதல்ல என்று ஒதுக்கவேண்டாம். உங்கள் ஊர் வாசிகசாலையில் இந்த இரண்டு நூல்களையும் கேட்டுப் பாருங்கள். தனியே வாசிப்பதைவிட நாலுபேர் கூடி வாசியுங்கள். மனம் கனக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது நல்லது.

முதல் பாகம் முடிந்த அன்று, அந்த அக்கா புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காம்.

“ஜீனோ மாதிரி அவளும் கொஞ்சம் வாசிக்கட்டும்” என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.