கட்டிய வரி கணக்கில் ஏறும்படி வேண்டும் மகஜர்

அனுப்புநர்: நியூ ஜெர்சி மாநிலத்தில் வருமான வரிப் படிவங்களை இலவசமாக நிரப்பித் தரும் தமிழ்த் தொண்டர் சங்கத்தின் செயற்குழுவினர்.

பெறுநர்: அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளிலும் நியூ ஜெர்சியின் சார்பில் அங்கம் வகிப்போர், இரு சபைகளின் நீதித்துறைக் குழுத் தலைவர்கள், நிதித்துறைச் செயலாளர்.

பொருள்: குடியேற்ற ஆவணமில்லாமல் வரி செலுத்திவருவோரின் நிலைமையும், 1972 என்ற வருஷத்தில் நின்றுபோன பதிவுச் சட்டமும்.

கனம் பொருந்திய அங்கத்தினர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் 15-ஆம் தேதி வரையில், சனிக்கிழமைதோறும், ஒரு பொது நூலகத்தின் கீழ்த்தள அறையில் நான்கு மேசைகளைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் யார், எப்படி இந்நாட்டுக்கு வந்தார் என்றெல்லாம் துருவாமல், அவருடைய வரிப் படிவத்தை நிரப்பித் தருகின்ற சிறு தொண்டைச் செய்துவரும் எங்கள் சங்கம், ராஜீய விவகாரங்களில் இதுவரை வாய் திறந்ததில்லை. இப்போது திறக்க நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாமற்போனதுதான். இம்மகஜர் பொதுக்குழுவில் தமிழிலே வாசிக்கப்பட்டு நிறைவேறியதாதலால், தமிழை மூலமாகவும், உடன் இணைத்துள்ள ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாகவும் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கதவைச் சாத்தப்போகும் நேரத்தில், உணவகச் சமையற்காரர் ஒருவர் உள்ளே வந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், 2007-ஆம் ஆண்டில் முறையான விசாவிலே வந்து, அழைத்துவந்த உணவகம் மூடப்பட்டுவிடவே விசாவும் காலாவதியாகி, வாங்கிய கடனும் ஊருக்குத் திரும்ப இடங்கொடாமல், இங்கேயே தங்கிவிட்டவர். கையில் ஒரு பழைய அல்வாப் பெட்டி வைத்திருந்தார். அதைத் திறந்து, மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டுவைத்திருந்த சம்பளச் சீட்டுகளை ஒவ்வொரு கட்டாக மேசைமேல் அடுக்கினார். ஓரங்களில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மேலே இருந்த சீட்டில் வாரச் சம்பளம் 700 டாலர் என்றும், அதிலிருந்து சோஷல் செக்யூரிட்டிக்கு 43 டாலர் 40 சென்ட்டும், மெடிகேருக்கு 10 டாலர் 15 சென்ட்டும், இவை போக மத்திய வரியும் மாநில வரியும் பிடித்தமானதாகவும் அச்சாகியிருந்தது. முதலாளியும் தம் பங்குக்கு அதே 53 டாலர் 55 சென்ட்டைக் கட்டவேண்டுமென்பது சட்டம். கூட்டிக் கழித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பாக்கி நிற்கிறதென்று எங்கள் தொண்டர் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை, மணி ஆர்டர் வாங்குவதற்கென்று கொண்டுவந்திருந்த நோட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வருசா வருசம் தவறாமக் கெட்டுதேனே, இது என்னைக்காவது கணக்குல ஏறுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்ட கணக்கு இரண்டு. முதலாவது, முதுமைக்கால ஓய்வூதியக் கணக்கு. அதில் ஏறாது என்பதை நாங்கள் அறிவோம். 1996-ஆம் ஆண்டு முதல், சோஷல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதியில்லாதவர்களுக்கென்று, 9 என்ற இலக்கத்தில் தொடங்கும் தனி வரி எண் ஒன்றை ஐ.ஆர்.எஸ். என்னும் வருமான வரித் துறை வழங்கிவருகிறது. அந்த எண் வேலை செய்யும் உரிமையையோ குடியேற்ற அந்தஸ்தையோ ஓய்வூதியத்தையோ தராது. வரி கட்டும் உரிமையை மட்டுமே தரும், அதை உரிமையென்று சொல்லத் தகுமானால். இரண்டாவது கணக்கு, இந்நாட்டில் ஒருவன் உழைத்துக் கழித்த வருஷங்களின் கணக்கு. அதைப்பற்றித்தான் இம்மகஜரில் முக்கியமாகப் பேசப்போகிறோம்.

எங்கள் ஜனங்கள் 'பேப்பர் இல்லாதவர்' என்று சொல்லும் இவர்கள் வரியே கட்டுவதில்லையென்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. வாஷிங்டனிலுள்ள வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிலையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆவணமில்லாதோர் 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் மத்திய, மாநில, உள்ளூர் வரிகளாகச் செலுத்திய தொகை 9,670 கோடி டாலர். அதில் மத்திய சர்க்காருக்குச் சேர்ந்தது 5,940 கோடி. சோஷல் செக்யூரிட்டி நிதிக்கு மட்டும் 2,570 கோடி. எங்கள் நியூ ஜெர்சியும் இவர்களிடமிருந்து ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் பெறும் ஆறு மாநிலங்களுள் ஒன்று. வேலை செய்ய அனுமதி கிடைத்தால் இதே மனிதர்கள் இன்னும் 4,020 கோடி கூடுதலாகக் கட்டுவார்கள் என்றும் அந்நிலையம் கணித்திருக்கிறது. கடையில் சாமான் வாங்கும்போது விற்பனை வரியும், வாடகை கொடுக்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் சொத்து வரியும் இவர்கள் தலையிலும்தான் விழுகின்றன. அங்கே யாரும் பேப்பர் கேட்பதில்லை.

எங்கள் தரப்பிலுள்ள குறையையும் மறைக்க விரும்பவில்லை. ரொக்கமாகக் கூலி வாங்கிக்கொண்டு ஒரு சென்ட்டும் கட்டாதவர்கள் இவர்களிலும் உண்டு. பேப்பர் உள்ளவர்களிலும் உண்டு. வேறொருவருக்குரிய எண்ணையோ, எவருக்குமே உரியதல்லாத எண்ணையோ முதலாளியிடம் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்களும் பலர். அது குற்றம்; அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அவ்வாறு பிடிக்கப்பட்ட பணம் எங்கே போகிறதென்று பார்க்கவேண்டும். பெயரும் எண்ணும் பொருந்தாத சம்பளங்களுக்கென்று சோஷல் செக்யூரிட்டி நிர்வாகம், சொந்தக்காரரை எதிர்நோக்கி நிற்கும் தனிப் பேரேடு ஒன்றை வைத்திருக்கிறது. பணம் பொது நிதியில் சேர்ந்து இன்றைய முதியோருக்குப் பென்ஷனாகப் போய்விடுகிறது; உழைத்தவரின் பெயர் அந்தப் பேரேட்டிலேயே தங்கிவிடுகிறது. 2010-ஆம் ஆண்டில் இவர்களால் அந்த நிதிக்கு நிகரமாகச் சுமார் 1,200 கோடி டாலர் சேர்ந்ததென்று அந்நிர்வாகத்தின் தலைமைக் கணிப்பாளரே 2013-இல் எழுதியிருக்கிறார். வாங்கும்போது ஒரு முகமும் கொடுக்கும்போது ஒரு முகமும் காட்டும் வட்டிக்கடைக்காரரை எங்கள் ஊரில் நல்ல பெயர் சொல்லி அழைப்பதில்லை.

இம்மகஜர் எங்கள் பொதுக்குழுவில் சுலபமாக நிறைவேறிவிடவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்வது கடமை. எங்கள் அங்கத்தினரில் பலர் எச்1பி விசாவில் வந்து, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேற்படக் கூடாதென்ற வரம்பின் காரணமாக, கிரீன் கார்டுக்காகப் பத்தாண்டு, பதினைந்தாண்டென்று காத்திருப்பவர்கள். தங்கள் குழந்தைகள் 21 வயது நிரம்பியதும் தங்கள் விண்ணப்பத்தின் நிழலிலிருந்து நீங்கிவிடுவார்களே என்று தூக்கம் கெட்டவர்கள். "முறையாக வந்து வரிசையில் நிற்கிற நாங்கள் ஏமாளிகளா?" என்று அவர்களில் ஒருவர் எழுந்து கேட்டபோது, சபையில் வெகுநேரம் சத்தமே இல்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2013 ஜூன் 27-ஆம் தேதி செனட் சபை 68-க்கு 32 என்ற வாக்குகளால் நிறைவேற்றிய மசோதா இரண்டு கூட்டத்தாரையும் ஒருசேர நினைத்திருந்தது: வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளுக்கு நாட்டு வரம்பை நீக்கியது; ஆவணமில்லாதவர் விதிக்கப்பட்ட வரிப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, ஏற்கனவே காத்திருப்போருக்குப் பின்னால் போய் நிற்கவேண்டுமென்றது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. வரிசை நகராததற்குக் காரணம் சமையற்காரர் என்று நினைத்திருந்த எங்கள் நண்பர்கள் சிலர், இந்த வரலாற்றைக் கேட்ட பிறகு கையெழுத்திட்டார்கள், இருவர் இடவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போய் முறைப்படி வரலாகாதா என்றும் கேட்கப்படுகிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் இந்நாட்டை விட்டு வெளியே காலை வைத்த கணமே, பத்தாண்டுகளுக்குத் திரும்ப வர முடியாத தடை அவர்மேல் விழுகிறது. வெளியே போகச் சொல்லும் சட்டமே திரும்பும் வழியையும் அடைத்துவைத்திருக்கிறது.

இனி எங்கள் முதற் கோரிக்கை. புதிதாகச் சட்டம் இயற்றும்படிகூட நாங்கள் கேட்கவில்லை. 1929-ஆம் ஆண்டிலேயே காங்கிரஸ் ஒரு வழி செய்திருக்கிறது: 1921 ஜூன் 3-ஆம் தேதிக்கு முன்னரே வந்து, இடைவிடாமல் இங்கே வசித்து, நன்னடத்தையுடன் வாழ்ந்துவருபவர், தாம் வந்த பதிவு இல்லாவிடினும், நிரந்தரவாசியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அச்சட்டம். நெடுங்காலம் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டவனை அந்நியனென்று துரத்துவது விவேகமாகாதென்ற எண்ணம் அதில் இருந்தது. காலம் செல்லச் செல்ல அந்தத் தேதியையும் நகர்த்தினார்கள். 1958-இல் அது 1940-க்கு வந்தது. 1965-இல் 1948-க்கு வந்தது. கடைசியாக, ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டுச் சுமார் 27 லட்சம் பேருக்கு அந்தஸ்து அளித்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1972 ஜனவரி 1-ஆம் தேதிக்கு வந்தது. அங்கே நின்றதுதான், இன்றும் அதே தேதி. முதலில் எட்டாண்டு, பிறகு பதினெட்டு, பதினேழு, பதினான்கு ஆண்டுகள் என்றிருந்த இடைவெளி இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்று கைக்குழந்தையாக வந்தவருக்கும் இன்று தலை நரைத்திருக்கும். அவர்கள் எத்தனை பேர்தான் மிஞ்சியிருப்பார்கள்? சட்டம் புத்தகத்தில் உயிரோடிருக்கிறது, வீட்டுச் சுவரில் எவரும் தேதி கிழிக்காமல் விட்ட நாட்காட்டியைப் போல. 1929, 1958, 1965, 1986 ஆகிய நான்கில் எந்த ஆண்டின் அளவுகோலை எடுத்து வைத்தாலும், அல்வாப் பெட்டியோடு வந்த எங்கள் சமையற்காரர் இன்று தகுதி பெற்றுவிடுவார். ஆகையால் அந்தத் தேதியை முன்னே கொண்டுவந்து, இனி ஆண்டுதோறும் தானே நகரும்படி அமைத்து, தொடர்ந்து வசித்ததற்கு வரிப் படிவங்களையே முதன்மைச் சான்றாக ஏற்கவேண்டுமென்று வேண்டுகிறோம். ஏழாண்டு வசித்தவருக்கு இவ்வழியைத் திறக்கும் மசோதா ஒன்று 2022-இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஏழு அதிகச் சலுகையென்று தோன்றினால், முன்னோர் வகுத்த பதினெட்டையாவது அனுமதியுங்கள்.

இரண்டாவது கோரிக்கை அவசரமானது. வரிப் படிவத்தில் எழுதியது வரித் துறையோடு நிற்கும் என்ற நம்பிக்கையின் பேரில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நடந்துவந்திருக்கிறது. வாட்டர்கேட் விவகாரத்தில், எதிரிகளைப் பழிவாங்க வரிக் கோப்புகளைத் தேடிய அலங்கோலம் வெளிப்பட்ட பிறகு, 1976-இல் காங்கிரஸ் அந்த ரகசியத்தைக் கடுமையான சட்டமாக்கியது. 2025 ஏப்ரலிலோ, வரித் துறையிடமுள்ள முகவரிகளைக் குடியேற்ற அமலாக்க அதிகாரிகள் கேட்டுப் பெற வழிசெய்யும் உடன்படிக்கை நிதித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் இடையே கையெழுத்தாயிற்று. அதன்மேல் வழக்குகளும் எழுந்தன. அது யார் யாருக்குப் பொருந்தும், பொருந்தாது என்ற நுட்பத்தை வக்கீல்கள் விவாதிக்கட்டும். எங்கள் மேசைக்கு எட்டிய செய்தி, 'அட்ரஸ் எழுதினால் ஆள் வரும்' என்ற நான்கே சொற்கள். வழக்கமாக வரும் சிலர் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தோம், எடுக்கவில்லை. வரி கட்டத் துணிந்தவனைக் கட்டாதவனாக்குவதில் பொக்கிஷத்துக்கு என்ன லாபமென்று நிதித்துறைச் செயலாளரைப் பணிவுடன் கேட்கிறோம். அவ்வுடன்படிக்கையை ரத்து செய்து, 1976-ஆம் ஆண்டு வாக்குறுதியை எழுத்திலே புதுப்பித்துத் தரவேண்டும்.

மற்றவை சிறியன. 2025 ஜூலைச் சட்டத்தின்படி, பெற்றோரில் ஒருவரிடமேனும் சோஷல் செக்யூரிட்டி எண் இல்லாவிடில், இந்நாட்டிலேயே பிறந்த பிரஜையான குழந்தைக்கும் குழந்தை வரிச் சலுகை கிடையாது. இந்த நிபந்தனையை நீக்கவேண்டும். வரி எண் கேட்டு விண்ணப்பிப்போர் தங்கள் மூலப் பாஸ்போர்ட்டை டெக்ஸாஸிலுள்ள ஆஸ்டினுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு, ஒரே ஓர் அடையாளச் சீட்டையும் கையிலிருந்து விட்ட கலக்கத்தோடு வாரக்கணக்கில் காத்திருக்காதபடி, எங்களைப் போன்ற தொண்டர் மையங்களிலேயே அதைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தை விஸ்தரிக்கவேண்டும்.

இம்மகஜருக்குப் பதில் வர நாளாகலாம் என்பதை உணர்கிறோம். எனினும் ஜனவரிக் கடைசியில் எங்கள் நான்கு மேசைகளும் மறுபடி போடப்படும்; அந்தப் பெட்டியோடு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பாக இரண்டாவது கோரிக்கையைப்பற்றியேனும் ஒரு வரி எழுத்து மூலம் கிடைத்தால், முகவரிக் கட்டத்தை நிரப்பச் சொல்லலாமா என்பதை அவருக்குச் சொல்ல எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு அங்கத்தினர்கள்